மூன்று பெட்டிக் கடல்

உலகத்துக் கடல் மொத்தத்தையும் ஒரு கணினி மாடலில் மூன்றே பெட்டிகளாக்கி வைத்திருந்தார் ஒரு பெண் ஆய்வாளர். வெப்பமண்டலத்து மேல்நீர் ஒன்று, 100 மீட்டர் ஆழத்துக்கு. துருவப் பக்கத்துக் குளிர்ந்த மேல்நீர் இன்னொன்று, 250 மீட்டர். கீழே கிடக்கும் மிச்சமெல்லாம் மூன்றாவது. இவற்றின் தலைக்கு மேல் காற்றுமண்டலத்துக்கு ஒரு கட்டம். அரபிக்கடல் எங்கே என்று கேட்டேன். “முதல் பெட்டிக்குள்ள கரைஞ்சு போச்சு சார்” என்றார்.

அவர் தூத்துக்குடிக்காரர். வேலை கோவாவில், கடலை ஆராயும் ஒரு கூடத்தில். ஆனால் பெட்டிகள் பழையவை. 1980 வாக்கில் துருவப் பனிக்குள் சிக்கிய பழங்காற்றை அளந்தார்கள். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு, பனியுகத்தில் 200-க்கும் கீழே இருந்திருக்கிறது. குறைந்தது எங்கே போயிற்று? அன்றைய காற்றில் இருந்ததைப் போல 60 மடங்குக்கு மேல் கார்பனை வைத்திருந்தது கடல். சந்தேகம் அதன் மேல் விழாமல் இருக்குமா? 1984-ல் பிரின்ஸ்டன், ஹார்வர்டு, சுவிட்சர்லாந்தின் பெர்ன் என்று மூன்று இடத்து ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட சின்ன மாடல்களைக் கொண்டே ஏறத்தாழ ஒரே இடத்தைச் சுட்டினார்கள்: துருவத்துக் குளிர்நீரில் மிதவைப் பாசிகள் தின்னாமல் விட்டுவைக்கும் சத்து.

ஆழத்திலிருந்து ஏறிவரும் நீர் பாஸ்பேட்டையும் கார்பனையும் சேர்த்தே கொண்டுவருகிறது. பாசி பாஸ்பேட்டை எடுத்துக்கொண்டால் கார்பனையும் உடம்பில் கட்டிக்கொண்டு செத்துக் கீழே போகும். எடுக்காமல் விட்டால் பாஸ்பேட் சும்மா திரும்பி மூழ்கும். கார்பன் காற்றுக்குத் தப்பிவிடும்.

மாடலுக்குள் போகும் பாஸ்பேட் எண்கள் பிறக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்றேன். கீழ்த்தளத்தில் ஈரம் காயாத ஓர் அறை. கப்பலிலிருந்து வந்த மாதிரிகளோடு வயதான உதவியாளர் ஒருவர் நின்றிருந்தார். குப்பியை அதில் ஊற்றப்போகும் நீராலேயே மூன்று முறை அலசினார். பிறகு மாலிப்டேட் கரைசல், அஸ்கார்பிக் அமிலம். சில நிமிடம் போனதும் 2,000 மீட்டர் ஆழத்து நீர் நீலமேறியது. மேற்பரப்பு நீர் நிறமில்லாமலே நின்றது. நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். குப்பியை விரல் ரேகை படாமல் கழுத்தில் பிடிக்கும் அந்தப் பிடியைப் பார்த்த பிறகு, மேல்மாடித் திரையில் ஆழ்நீர் பாஸ்பேட்டுக்கு நின்ற ‘2.1’ என்ற எண்ணின் மீது எனக்குத் தனி மரியாதை.

மேலே வந்ததும் அந்தப் பெண் கணினியைத் தொடவில்லை, தாளை எடுத்தார். “மொதல்ல கையால போட்ருவோம்.” ஆழத்திலிருந்து வெப்பமண்டலப் பெட்டிக்கு நொடிக்கு 2 கோடி கன மீட்டர் நீர் ஏறுவதாக மாடல் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கன மீட்டரிலும் 2.1 மில்லிமோல் பாஸ்பேட். மேலே மிஞ்சுவது 0.2. மிச்சம் 1.9 பாசிக்குள் போயாக வேண்டும். ஒரு பங்கு பாஸ்பரசுக்கு 106 பங்கு கார்பன் என்பது ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு கண்ட விகிதம். பெருக்கினால் நொடிக்கு 48 டன், ஆண்டுக்கு 150 கோடி டன் கார்பன் கீழே இறங்குகிறது. “ஆனா இது பத்தாது சார்” என்றார். மொத்தக் கடலுக்கும் ஆய்வாளர்கள் தரும் மதிப்பீடுகள் 500 கோடியிலிருந்து 1,200 கோடி டன் வரை போகின்றன. செத்த பாசியில் பெரும்பகுதி சில நூறு மீட்டருக்குள்ளேயே மக்கி, அதன் சத்து திரும்ப மேலேறி மறுபடி உணவாகிறது. இவருடைய கடலில் அந்த நடுத்தட்டே கிடையாது.

அடுத்து வேண்டுமென்றே மாடலைக் கெடுத்துக் காட்டினார். ஓர் ஆண்டுக்கு ஓர் அடி என்று முன்னேறிக்கொண்டிருந்த கணக்கை 20 ஆண்டுக்கு ஓர் அடியாக மாற்றினார். துருவப் பெட்டியின் நீர் ஐந்தே ஆண்டில் மாறிவிடும். 20 ஆண்டுத் தாவலை அது எப்படித் தாங்கும்? கோடு ரம்பப் பல்லாகி, பாஸ்பேட் மைனஸில் விழுந்தது. கூட்டுத்தொகை மட்டும் இம்மியும் பிசகவில்லை. ஒரு பெட்டி கடன்பட்ட அளவுக்கு இன்னொன்று கொழுத்திருந்ததுதான் காரணம். “டோட்டல் சரியா வருதேன்னு நம்பிடக் கூடாது. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பாக்கணும்.” தணிக்கைக்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய பேச்சு.

பழைய அடிக்குத் திரும்பி, துருவப் பெட்டியின் பாஸ்பேட் முழுதும் தின்னப்படும்படி செய்தார். மாடலின் 5,000 ஆண்டுகள் சில நொடிகளில் ஓடி முடிந்தன. காற்றின் கார்பன் டை ஆக்சைடு 200-க்குக் கீழே போய் நிலைத்தது.

மீந்த சத்தைப் பாசிக்கு ஊட்டிக் காற்றின் கார்பனைக் குறைக்கும் இதே ஆசை கப்பலேறியும் போயிருக்கிறது. அன்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் சத்து மீந்துபோவதற்கு இரும்புப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம். 2009 தொடக்கத்தில் இந்திய, ஜெர்மன் ஆய்வாளர்கள் போலார்ஸ்டெர்ன் கப்பலில் போய் அங்கே 300 சதுர கிலோமீட்டரில் இரும்பு உப்பைக் கரைத்தார்கள். பாசி தழைத்தது, கோப்பிபாட் என்னும் பொடி உயிரிகள் வந்து மேய்ந்துவிட்டன. அந்த நீரில் சிலிக்கா குறைவு என்பதால் கனத்த ஓட்டோடு மூழ்கும் டயாட்டம் வகைப் பாசி வளரவில்லை. ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம். மூன்று பெட்டியில் கோப்பிபாட்டும் இல்லை, சிலிக்காவும் இல்லை.

அதற்காக இதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மீக்கணினியில் ஓடும் பெரிய மாடல்களில் விடை பிசகினால் காரணம் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேடவே மாதங்கள் ஆகும். இங்கே எது விடுபட்டது என்பது தாளிலேயே தெரிந்துவிடுகிறது. எதிர்காலத்தைச் சொல்ல இது உதவாது. கேள்வியைக் கூராக்க உதவும்.

நான் கிளம்பும்போது அவர் நடுத்தட்டுக்காக நான்காவது பெட்டியை வரைந்துகொண்டிருந்தார். ஒரு பெட்டி கூடினால் அதற்குள் வரும் நீர், வெளியேறும் நீர், மக்கும் பங்கு என்று எண்களும் கூடும். 300-லிருந்து 1,000 மீட்டர் வரையிலான பாஸ்பேட் அளவுகளைக் கேட்டுக் கீழ்த்தளத்துக்குப் போன் செய்தார். அந்தக் குப்பிகள் இன்னும் அலசி முடியவில்லையாம்.