டேவிஸ் ஊரில் ஒரு மிச்சோவகான் அடுப்பு

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சைக்கிள். 1967-லேயே சாலையில் சைக்கிளுக்கென்று தனித்தடம் பிரித்த பல்கலைக்கழக ஊர் இது. சனிக்கிழமை முற்பகல், மாணவர்கள் பீட்சா கடைகளையும் காபி கடைகளையும் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த சிறிய மெக்சிகன் உணவகத்தில் வேறு கூட்டம். மண் படிந்த பூட்ஸுடன் ஆண்கள், பாட்டி முதல் கைக்குழந்தை வரை திரண்டு வந்த குடும்பங்கள். அந்த வரிசையை நம்பி நானும் நின்றேன்.

உள்ளே ஆறேழு மேசைகள், பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புகள். பலகையில் நாச்சோஸ் இல்லை, மஞ்சள் சீஸ் வழியும் எதுவும் இல்லை. கொருந்தா, கார்னித்தாஸ், பொசோலே என்னும் மக்காச்சோளச் சூப் என்று சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். கடையை நடத்தும் குடும்பத்தார் மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தவர்கள். “பொசோலே சனி, ஞாயிறு மட்டும்தான். ஒரு மணிக்கு மேல் வந்தால் பானை காலி” என்றார் கல்லாவில் இருந்த இளம்பெண். மற்ற நாட்களில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாராம்.

சமையலறையை அரைச்சுவர்தான் மறைத்தது. அந்தப் பெண்ணின் அம்மா மாவை உருட்டி, அழுத்தி, சூடான கோமால் தட்டில் டோர்ட்டியாவாகப் போட்டுக்கொண்டிருந்தார். பாக்கெட் மாவு அல்ல. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவிட்டு, இரவெல்லாம் ஊறவைத்து, தோல் போகக் கழுவி அரைத்தது. சுண்ணாம்பு சேர்ந்தால்தான் மாவு விரிசல் விடாமல் ஒட்டும். மக்காச்சோளத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் தானியத்தைக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். மக்காச்சோளத்தையே நம்பிச் சாப்பிட்ட ஏழைகளைப் பெல்லாக்ரா நோய் பிடித்தது அதனால்தான்.

முதலில் கொருந்தா வந்தது. மக்காச்சோளச் செடியின் நீளமான பச்சை இலையை மடித்து மடித்து முக்கோணமாகக் கட்டி, ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை. புரேபெச்சா மக்களின் பண்டம். 2010-ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை உலகப் பண்பாட்டு மரபாக ஏற்றபோது, எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டது மிச்சோவகான் சமையல்தான். இலையைப் பிரித்தால் பச்சை வாசம் ஏறிய வெள்ளை மாவு. மேலே புளிப்பு க்ரீமும் தக்காளி சல்சாவும். அடுத்து கார்னித்தாஸ்: பன்றிக் கொழுப்பிலேயே நிதானமாக வெந்து, விரல் பட்டால் உதிரும் இறைச்சி. ஓரங்களில் மட்டும் மொறுமொறுப்பு.

என்னை நிறுத்தியது அந்தச் சல்சா. தக்காளியைத் தோல் கருகும்வரை சுட்டு, மூன்று கால் எரிமலைக்கல் உரலில் மிளகாயோடு நசுக்கியிருந்தார்கள். தக்காளியை வீட்டுப் பயிராக்கியது மெக்சிகோ. டேவிஸைச் சுற்றிய யோலோ மாவட்ட வயல்களில் இன்றைக்கும் முக்கியமான பயிர் அது. 1942 முதல் 1964 வரை, பிரசேரோ என்ற அமெரிக்க–மெக்சிகோ தொழிலாளர் ஒப்பந்தத்தின் கீழ் வந்த மெக்சிகோ தொழிலாளர்கள் கலிபோர்னியாவின் தக்காளியைக் கையால் பறித்தார்கள். ஒப்பந்தம் முடிந்த வேகத்தில் அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கியது. அந்த இயந்திரத்தையும், அதன் அடி தாங்கும் கெட்டித்தோல் தக்காளி ரகத்தையும் உருவாக்கியது இதே ஊர்ப் பல்கலைக்கழகம். பறிக்கும் வேலை பெருமளவு போயிற்று. வந்தவர்களில் பலர் இந்தப் பள்ளத்தாக்கிலேயே குடும்பமாக வேரூன்றிவிட்டார்கள்.

அதனால் இந்தக் கடையை வெளிநாட்டுச் சாப்பாடு என்று ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஊரைச் சோறு போட்டு வளர்த்த வயல்களின் சமையல் இது. போகிறவர்கள் பன்னிரண்டுக்கு முன்பே போய்விடுங்கள். கொருந்தாவில் தொடங்கி, பொசோலே மீதமிருந்தால் ஒரு கிண்ணம் கேளுங்கள். குடிக்கப் புளித்தண்ணீர் இருக்கிறது. சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால் குறைத்தே தருகிறார்கள்.