பெட்ரோல்ல கை கழுவுற அண்ணன்

மூணு தடவை ஓபிக்கு வந்துபோன ஒருத்தர்கிட்ட நான் கேக்காம விட்ட கேள்வியைப் பத்தின இழை. அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

நாப்பது தாண்டினவர். சோர்வு, படி ஏறுனா மூச்சு வாங்குது. ரத்தசோகைன்னு இரும்பு மாத்திரை எழுதினேன். ரெண்டாவது தடவையும் அதேதான். மூணாவது தடவை ஈறுல ரத்தக்கசிவோட வந்தார். சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூணுமே தரையில கிடந்துச்சு. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பாத்தா ரத்தம் செய்யுற செல்களைக் காணோம், கொழுப்புதான் இருக்கு.

சீட்டுல தொழில்ங்கிற இடத்துல 'கூலி'ன்னு இருந்துச்சு. அன்னைக்குத்தான் கேட்டேன், "என்ன வேலைண்ணே பாக்குறீங்க?"

"டூவீலர் மெக்கானிக் சார். இருபத்தஞ்சு வருசமாச்சு. பெட்ரோல்ல கழுவுனாத்தேன் சார் கிரீஸ் போகும்." டேங்க்ல டியூப் விட்டு வாயால உறிஞ்சுறதும் உண்டாம்.

பெட்ரோல்ல பென்சீன் இருக்கு. இப்ப நம்ம நாட்டு விதிப்படி அதிகபட்சம் 1 சதவீதம், அதாவது லிட்டருக்கு 10 மில்லி வரை. அவர் தொழிலுக்கு வந்த காலத்துல இதைவிட அதிகமாவே அனுமதி இருந்துச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, பென்சீன் நேரா போய் அடிக்கிறதில்ல. நம்ம கல்லீரல்தான் அதைத் தண்ணியில கரையுற மாதிரி மாத்தி சிறுநீர்ல தள்ளப் பாக்குது. அந்த முயற்சியில பீனால், ஹைட்ரோகுயினோன்னு பொருட்கள் உருவாகுது. (இந்த வேலையைத் தொடங்குற நொதி, தினம் குடிக்கிறவங்களுக்கு இன்னும் கூடுதலா சுரக்கும்.) அதெல்லாம் ரத்தத்தோட மஜ்ஜைக்குப் போகுது. அங்க மைலோபெராக்சிடேஸ்னு ஒரு நொதி, கிருமியைக் கொல்றதுக்காக இருக்குறது. அது ஹைட்ரோகுயினோனைப் பென்சோகுயினோனா மாத்திடுது. வீட்டுக் காவலாளி கையில இருந்த கம்பே வீட்டை இடிச்ச கதை.

பென்சோகுயினோன் எது கிடைச்சாலும் ஒட்டிக்கும். சோதனைக்குழாயில டிஎன்ஏவோட குவானைன், அடினைன், சைட்டோசின் மேல வளையமா ஒட்டிக்குது. ஜோடி எழுத்தோட கை கோக்க வேண்டிய பக்கமே அடைபட்டுப்போகும். செல் பிரியும்போது நகல் தப்பாகலாம். உடம்புக்குள்ள இந்த ஒட்டல் கம்மியாத்தான் அகப்படுது. அதனால டிஎன்ஏ சிக்கலைப் பிரிக்கிற டோபோஐசோமரேஸ் நொதியை இது முடக்குறதும் ஒரு காரணம்னு சொல்றாங்க. எப்படியோ, முடிவு ரெண்டு: மஜ்ஜை வறண்டுபோறது, இல்லன்னா லுகேமியா.

இஸ்தான்புல்ல முசாஃபர் அக்சோய்னு ஒரு டாக்டர், தன்கிட்ட வர்ற லுகேமியா நோயாளிகள்ல செருப்பு தைக்கிறவங்க நிறைய இருக்குறதைக் கவனிச்சார். அவங்க பசையில பென்சீன். 1974-ல 26 பேரைப் பத்தி எழுதினார். அவருக்குத் தொழில் கண்ணுல பட்டுச்சு. எனக்கு மூணு விசிட் ஆச்சு.

இந்த அண்ணனுக்கு வந்தது பெட்ரோலாலதான்னு சத்தியம் பண்ண முடியாது. பல பேருக்குக் காரணமே தெரியாமலும் இது வரும். ஆனா மெக்கானிக் தம்பிகளே, கிரீஸுக்கு சோப்புத்தூளும் மரத்தூளும் போதும். உறிஞ்ச கைப்பம்ப் வாங்கிக்கோங்க. பங்க்ல ஆட்டோ கட் ஆனப்புறம் "இன்னும் கொஞ்சம்"னு நிரப்பச் சொல்லாதீங்க, அந்த ஆவியை நாள் முழுக்க சுவாசிக்கிறது அங்க நிக்கிற பிள்ளைங்கதான்.

போன வாரம் அண்ணனுக்கு ரத்தம் குடுக்க அவர் கடைப் பையன் வந்தான். பத்தொம்பது வயசு. ஊசி போட கையை நீட்டச் சொன்னேன். பெட்ரோல் வாசனை. முதல்ல அவனுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் குடுத்தேன்.