கஞ்சியும் கீழுதடும்

தாடை ஆபரேஷன் முடிஞ்சு இன்னைக்கு 24-ம் நாள். கீழ்த்தாடை எலும்பை ரெண்டு பக்கமும் நீளவாக்கில் பிளந்து, பின்னால் தள்ளி, டைட்டானியம் பிளேட் வச்சு முடுக்கியிருக்காங்க. ஜூரிச்சில் இருந்த ஓப்வெகேசர்ங்கிற டாக்டர் 1957-ல் எழுதி, அப்புறம் உலகமெல்லாம் பரவின முறை.

எலும்பு கூட ஆறு வாரமாவது ஆகும். அதுவரை பொன்னமராவதி வீட்டில் கஞ்சியும் இளநீரும்தான். ராத்திரி புரோட்டா கொத்துற சத்தம் கேட்டா கண்ணே கலங்குது!

அதைக்கூட தாங்கிக்கலாம். கீழுதடுதான் மரத்தே கிடக்கு. தாடைக்குள் ஓடுற நரம்பு இழுபட்டதாலயாம். கஞ்சி வழியறது அம்மா துடைக்கும்போதுதான் எனக்கே தெரியும். சிலருக்கு உணர்ச்சி முழுசா திரும்பாதுன்னு முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. பல் சேர்ந்தது வரவு, உதடு செலவுன்னு பி.காம். மூளை கணக்கு போடுது.

நேத்து அம்மா துடைச்சப்போ, ஓரமா எறும்பு ஊர்ற மாதிரி ஒரு குறுகுறுப்பு. "இன்னொரு தடவை துடைம்மா"ன்னேன்.