திரும்பி வந்த கட்டுகள்

அச்சுப் பத்திரிகைக் காலத்தில், விற்காமல் திரும்பி வந்த கட்டுகளே எமது உண்மை நிலையைச் சொல்லும். இணையத்தளத்துக்கு வந்தபின் அதை மறந்தோம். சேவையகம் சீராக இயங்கியது. பக்கங்கள் விரைவாகத் திறந்தன. ஆயினும் இரண்டு நாட்களாகப் புதிய சந்தா எதுவும் சேரவில்லை. வாசகர் ஒருவர் தொலைபேசியில் முறையிட்ட பின்பே அறிந்தோம்.

2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் உருவாகத் தொடங்கிய புரொமீதியஸ் கருவியின் நிரல்தொகுப்பை எமது இளம் நிரலாளர் சேர்த்தார். சந்தாப் பணம் கிடைத்ததும் எண்ணியில் ஒன்று கூடும். எண்ணி ஏறுமேயன்றி இறங்காது. செயலி மீள இயங்கினால் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஆகவே மொத்தத்தைவிட, மணிக்கு எத்தனை கூடியது என்பதே முக்கியம்.

“வேறு எதை எண்ணுவது, ஐயா?” என்று கேட்டார்.

“திரும்பி வந்த கட்டுகளை” என்றேன்.

தோல்வியுற்ற கொடுப்பனவுகளுக்கும் அன்றே ஓர் எண்ணி அமைந்தது.