வாசலைத் தாண்டிய பெண்கள்

பொழுது புலர்வதற்கு முன்பே பெரட்டு முடிந்துவிடும். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டப் பெண்கள் உளியும் பால்வாளியுமாகத் தங்கள் நிரைகளுக்குப் புறப்படுவார்கள். கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டிருப்பார்கள். ஆண்களுக்கு இணையாக மரம் சீவி, பால் சுமந்து, மாலையில் வீட்டு வேலையையும் அவர்களே செய்தனர். உழைப்பு அவர்களுடையது, முடிவெடுக்கும் உரிமை மட்டும் பெரும்பாலும் பிறருடையதாக இருந்தது.

1950ஆம் ஆண்டுகளில் பல தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அப்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணம் தோட்டங்களையே வாங்கும் மூலதனமானது. ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினர்.

காலப்போக்கில் ரப்பர் மரங்கள் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் தோன்றின. பல குடும்பங்கள் நகர்ப்புறங்களில் குடியேறின. அவசரத்திற்கு அரிசி கொடுத்த, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட லயத்து அண்டைவீட்டார் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தனர். தோட்ட வேலை மட்டுமே அறிந்த பெண்களுக்கு இது பேரிழப்பாகும்.

ஆயினும், சமையல், தையல் முதலிய கைத்திறன்கள் அவர்களிடம் இருந்தன. கச்சாங் பூத்தே எனப்படும் கடலை, முறுக்கு வகைகளுக்குப் பெயர்பெற்ற ஈப்போ புந்தோங் வட்டாரம், வீட்டுச் சமையலும் தொழிலாகும் என்பதற்குச் சான்று. ஆனால், தொழில் தொடங்க முதல் வேண்டுமே! அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாதவருக்கு யார் கடன் தருவார்?

இக்குறையைப் போக்கவே, வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியை முன்மாதிரியாகக் கொண்டு 1987ஆம் ஆண்டில் அமானா இக்தியார் மலேசியா தோற்றுவிக்கப்பட்டது. இங்கு அடமானம் தேவையில்லை. ஒருவரையொருவர் நன்கறிந்த ஐவர் ஒரு குழுவாக இணைந்து, ஒருவருக்கொருவர் துணைநிற்க வேண்டும். 2024ஆம் ஆண்டில் இந்திய மகளிர்க்கென்றே 50 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கீட்டில் ‘பெண்’ எனும் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

கடன் கிடைத்தாலும், “பெண்பிள்ளைக்கு எதற்கு வியாபாரம்? நம் பண்பாட்டுக்கு இது பொருந்துமா?” எனச் சில வீடுகளில் கேள்வி எழுகிறது. அப்படிக் கேட்பவரின் பாட்டியே இருள் பிரியுமுன் வாசலைத் தாண்டிச் சென்று குடும்பத்தைக் காத்தவராக இருக்கலாம். பெண்ணின் உழைப்பு நம் பண்பாட்டுக்குப் புதியதன்று. அந்த உழைப்பின் வருமானத்தைப் பற்றி அவளே முடிவெடுப்பதுதான் புதியது.

லயத்து மக்களிடம் இருந்த பகிர்தலும் நம்பிக்கையுமே இன்றைய ஐவர் குழுவுக்கும் அடித்தளம். அப்பண்புகளைப் போற்றுவோம். பெண்ணின் கால்களைக் கட்டிப்போடும் எண்ணத்தைப் பண்பாடு என்று அழைக்காதிருப்போம்.