தேயிலைத் தகரமும் பிரேக் ஒயிலும்

நுவரெலியாவில் குடித்தனம் நடத்துவோர் ஈரத்தோடு ஓயாது போராடப் பழகியவர்கள். உப்புச் சாடியை ஓர் இரவு திறந்து வைத்தால், மறுநாட் காலையில் உப்பு நீர் விட்டிருக்கும். தேயிலைத் தகரத்தை அழுத்தி மூடாதவரை எமது இல்லத்தரசியார் மன்னிப்பதே இல்லை. அதற்கு நியாயமும் உண்டு. தொழிற்சாலையில் தேயிலையின் ஈரம் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்காகக் குறையும்வரை உலர்த்துகிறார்கள். அது மீண்டும் ஈரத்தை உறிஞ்சினால் மணமும் சுவையும் போய்விடும். இத்தனையும் அறிந்த வீட்டின் வாசலில் நின்ற காருக்குள் அதே ஈரம் புகுந்துகொண்டிருந்ததை மட்டும் நாம் அறியவில்லை.

எமது கார் பழையது. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது வரை, இந்நாட்டில் பலரும் பழைய வண்டியையே பேணி ஓட்டினோம். என்ஜின் ஒயிலைத் தவறாது மாற்றினோம். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் பெற்றோம். பிரேக் ஒயில் குறைந்தால் மட்டும் மேலே சிறிது ஊற்றி மூடிவிடுவோம். அது போதும் என்பது எமது எண்ணம்.

சென்ற கார்த்திகையில் அன்னையாரை வைத்தியரிடம் காட்டக் கண்டிக்குப் புறப்பட்டோம். இலபுக்கலையைக் கடந்து இறம்பொடைப் பக்கம் இறங்கும்போது, பின் ஆசனத்திலிருந்த எம் சிறிய மகள், "அப்பா, ஏதோ கருகுகிற மணம் வருகிறது" என்றாள். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தோம். அது பஞ்சில் கால் வைத்தாற்போல் அமிழ்ந்தது. மீண்டும் மிதித்தபோது அடிவரை சென்றுவிட்டது. எதிரே பஸ் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கும், பின் ஒன்றுக்கும் இறக்கினோம்; கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தோம். கார் மண்சரிவில் உராய்ந்து நின்றது. அன்னையார் "முருகா" என்ற ஒரு சொல்லுக்குமேல் எதுவும் சொல்லவில்லை.

அரைமணி நேரம் கழிந்தது. பிரேக்கை மிதித்துப் பார்த்தால், என்ன விந்தை! முன்போலவே உறுதியாக இருந்தது. "இனி ஒன்றுமில்லையப்பா, போவோம்" என்றார் அன்னையார். நாமும் சாவியைத் திருப்பத்தான் இருந்தோம். இல்லத்தரசியார் மட்டும் இறங்கி நின்றுகொண்டு, ஏற மறுத்துவிட்டார். வேறு வழியின்றி, நுவரெலியாவில் கராஜ் நடத்தும் எமது பழைய மாணவனை அழைத்தோம்.

அவன் வந்து மூடியைத் திறந்து காட்டினான். புதிதாயின் இளந்தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஒயில், கடுஞ்சாயத் தேநீர்போல் கறுத்திருந்தது. "சேர், மேலே ஊற்றினால் போதாது, பழையதை முழுவதும் எடுக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் பொருள்களைப் பற்றி நீங்கள்தானே எங்களுக்குப் படிப்பித்தீர்கள்?" என்றான். பணிவோடுதான் சொன்னான். எமக்கோ அது பிரம்படியாக இருந்தது.

பௌதிகம் கற்பிக்கும் எமக்குத் தெரியாததா? திரவம் அமுக்கத்துக்கு இடங்கொடாது. அதனாலேயே காலின் விசை குழாய் வழியே நான்கு சில்லுகளுக்கும் செல்கிறது. ஆனால் கிளைக்கோல் வகையைச் சேர்ந்த பிரேக் ஒயில், இறப்பர்க் குழாய் வழியாகவும் மூடி வழியாகவும் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். 'டொட் 3' வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தாலோ அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி பிறக்கும், ஆவி அமுங்கும், மிதி அமிழும். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால், பிரேக் நலமாயிருப்பதுபோல் தோன்றும். அடுத்த இறக்கத்தில் மறுபடியும் ஏமாற்றும்.

நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். கண்டியின் உயரம் சுமார் 500 மீற்றர். ஒரு தொன் எடையுள்ள கார் அங்கிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, நாற்பது லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் என்ஜினும் ஒரு பங்கை ஏற்க, மீதியெல்லாம் பிரேக்கின் தலையில் விழுகிறது. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு உயிர்கள் போயின. எமது மலை இறக்கங்கள் பிழை பொறுப்பவை அல்ல.

ஆகவே வாசகர்கள் சிலவற்றை மனத்திற் கொள்வது நன்று. வண்டியின் கைந்நூல் வேறு கூறாவிடில், இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஒயிலை முழுவதும் மாற்றுக. மூடியில் குறித்துள்ள வகையையே, முத்திரை உடையாத புதுத் தகரத்திலிருந்து ஊற்றுக. திறந்து வைத்த பழைய தகரம் வேண்டாம். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அதையே இடுக. மிதி அமிழ்ந்தால் வண்டியை நிறுத்துக. ஆறிவிட்டதென்று நம்பிப் புறப்படாதீர்.

புகைக்குச் சான்றிதழ் கேட்பார் உண்டு; பிரேக் ஒயிலின் வயதைக் கேட்பார் எமது வீட்டில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார். ஒயில் மாற்றிய அன்றே இல்லத்தரசியார் அடுத்த முறைக்குரிய திகதியை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டிவிட்டார். எங்கே என்கிறீர்களா? நாள்தோறும் தவறாது நாம் திறக்கும் தேயிலைத் தகரத்தின் மூடியில்!