வெயில் மண்ணில் ஒரு வாழை

சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லைக்கு அருகே உள்ள சிற்றூர் தேர்வாய் கண்டிகை. அக்கினி நட்சத்திர நாள்களில் இப்பக்கம் செல்பவர்கள் வெயிலின் கடுமையை நன்கு உணர்வார்கள். இதே திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருத்தணியில் கோடை வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது புதிதன்று. இத்தகைய வெயிலில் வீட்டுக் கொல்லையில் ஒரு வாழையை வளர்த்துக் குலை காண முடியுமா? முடியும். அதற்கு வாழையின் இயல்பை அறிய வேண்டும். அதற்கு முன், இவ்வூரின் வரலாற்றையும் சற்றே கேளுங்கள்.

இவ்வூரை ஒட்டி, மரஞ்செடிகள் நிறைந்த மேய்க்கால் நிலம் 1,100 ஏக்கருக்கும் மேல் பரந்திருந்தது. அதைச் சிப்காட் தொழிற்பூங்காவாக்க அரசு முனைந்தது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஏரிகளுக்கு வரும் நீருக்கும் அந்நிலத்தையே நம்பியிருப்பதாகக் கூறி ஊர்மக்கள் எதிர்த்துப் போராடினர். ஆயினும் பூங்கா அமைந்தது. 2009ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மிஷலின் நிறுவனம் அரசுடன் ஒப்பந்தம் செய்து, இங்கே டயர் தொழிற்சாலையை நிறுவியது. பின்னர், கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து, சென்னையின் குடிநீருக்காக 50 கோடி கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அது 2020 நவம்பர் 21 அன்று திறந்து வைக்கப்பட்டது. தொழிலும் வேண்டும், மாநகரின் தாகமும் தீர வேண்டும். ஆனால் மண்ணை மூடியிருந்த பசுமை போனால், வெயில் நேரே மண்ணில் இறங்குகிறது. அந்த இழப்பு எத்தகையது என்பதை வாழை நமக்குத் தெளிவாகக் காட்டும்.

வாழை மரமன்று, மிகப் பெரியதொரு பூண்டு. தண்டு போல் நிற்பது இலையுறைகளின் அடுக்கே. அதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே படர்கின்றது. மேல்மண் சுட்டால் வேர் வாடும். வெப்பம் 38 டிகிரியை நெருங்கினால் வளர்ச்சி நின்றுவிடும். அனல்காற்று அகன்ற இலைகளைக் கிழித்தெறியும்.

நண்பகலில் வாழையிலையின் இரு பாதிகளும் நடுநரம்பிலிருந்து கீழே மடிவதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டு பதறி, உச்சி வெயிலில் குடம் குடமாக நீர் ஊற்ற வேண்டாம். வெயில் படும் பரப்பைக் குறைக்கச் செடி தானே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. காலையிலும் இலை மடிந்தே இருந்தால்தான் வேருக்கு நீர் போதவில்லை என்று பொருள்.

இனிச் செய்யவேண்டியவற்றைக் காண்போம். குறுகிய இலையுடைய ஈட்டிக் கன்றைத் தேர்ந்து, ஒன்றரை அடிக் குழியில் தொழுவுரம் இட்டு நடுங்கள். ஒன்றுக்கு மேல் நட்டால், கன்றுக்குக் கன்று ஆறடி இடைவெளி விடுங்கள். வறட்சியை ஓரளவு தாங்கும் மொந்தன் இதற்கு ஏற்றது. அடியைச் சுற்றி வைக்கோலும் காய்ந்த சருகும் கனமாகப் பரப்புங்கள். இந்த மூடாக்கே வாழைக்குக் குடை. அனல்காற்று வரும் திசையில் அகத்தியை வரிசையாக வளர்த்தால், காற்றுக்குத் தடுப்பும் ஆயிற்று. சமையலுக்குக் கீரையும் ஆயிற்று. மாலையில் நீர் பாய்ச்சுங்கள். ஒளூச் செய்த நீரையும் அரிசி களைந்த நீரையும் வீணாக்காமல் வாழைக்கே திருப்பி விடலாம். பக்கக் கன்றுகளில் ஒன்றை மட்டும் விட்டு, மற்றவற்றை நீக்குங்கள். குலை தள்ளியதும், வெயில் படும் குலைக்காம்பை வாழையிலையாலேயே மூடுங்கள். இல்லையேல் காம்பு வெந்து அழுகிக் குலை வீணாகும்.

திருக்குர்ஆனின் அல்வாகிஆ அத்தியாயத்தில் சுவனத்தின் வளங்களுள் ஒன்றாகச் சொல்லப்படும் 'தல்ஹ்' என்பது வாழையே என விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். அதனை அடுத்து அங்கே கூறப்படுபவை நீண்ட நிழலும் பொழியும் நீரும்! வாழை, நிழல், நீர் என்ற இவ்வரிசையை நினைவிற் கொள்ளுங்கள். நீர் மட்டும் போதாது, நிழலும் வேண்டும்.

ஓர் ஊரின் நிழல் போனபின் அதனை மீட்க ஒரு தலைமுறை ஆகலாம். நம் கொல்லையின் நிழலையோ இந்த மழைக்காலத்திலேயே தொடங்கிவிடலாம். அகத்தியை முதலில் ஊன்றுங்கள். அதன் அருகே வாழையை வையுங்கள். அடுத்த கோடை வரும்போது உங்கள் வாழை தனித்து நிற்காது.